பாடநூலும் கலைச்சொல்லும்: பாக்தாத் தந்த பாடமும் மானிப்பாய் தந்த பாடமும்

தமிழ்த்துறையார் ஆராயத்தக்க நூல்கள் எவை என்று வினவினால், சங்க இலக்கியம், காப்பியம், சிற்றிலக்கியம், புதினம் என்று விடை வரும். மருத்துவ மாணவர் கையிலுள்ள உடற்கூற்று நூலையோ பொறியியல் மாணவர் சுமந்து செல்லும் கட்டுமான நூலையோ எவரும் அவ்வரிசையில் வைப்பதில்லை. அவை அறிவியல் துறையாரின் உடைமை என்று ஒதுக்கிவிடுகிறோம். எனினும், ஒரு மொழியின் உரைநடை எவ்வளவு சுமை தாங்கும் என்பதை அளந்தறிய இத்தகு நூல்களைவிடச் சிறந்த துலாக்கோல் வேறில்லை. கவிதையில் ஒரு சொல் இருபொருள் தந்தால் அது நயம் எனப்படும். மருந்தின் அளவைக் கூறும் தொடரில் ஒரு சொல் இருபொருள் தந்தால் விளைவது உயிர்ச்சேதம்.

இவ்வினா நமக்கு வெறும் ஆராய்ச்சி வினா அன்று. பள்ளியிறுதி வரை தமிழ்வழியில் பயின்று கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் மாணவர் பலர், தாம் முன்பே நன்கறிந்த பொருளை ஆங்கிலத்தில் சந்திக்கும்போது, அறிந்ததையே அறியாததாக எண்ணி மருளுகின்றனர். விதியை ஒரெழுத்தும் பிறழாமல் ஒப்பிப்பர். 'உம்முடைய சொற்களில் விளக்குக' என்றால் வாய் திறவார். இந்நிலையைக் கண்டு, 'தமிழில் உயர் அறிவியல் நூல் இயலாது' என்று முடிவு கட்டுவாரும் உளர். 'எல்லாம் இயலும்' என்று மேடையில் முழங்கிவிட்டுத் தம் மக்களை மட்டும் வேறு வழியில் சேர்த்துவிடுவாரும் உளர். இவ்விரு சாராரையும் சற்றே விலக்கி வைத்துவிட்டு, அறிவியல் பாடநூல் இல்லாதிருந்த மொழியில் அத்தகு நூல்கள் உண்டான வரலாறு இரண்டினை ஈண்டு நோக்குவோம். ஒன்று 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் அரபு மொழியில் நிகழ்ந்தது. மற்றொன்று 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து மானிப்பாயில் நம் தமிழிலேயே நிகழ்ந்தது.

ஹுனைனும் அவர்தம் பட்டறையும்

873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், ஈராக்கின் ஹீரா நகரில் பிறந்த மருத்துவர். சிரியாக் மொழி பேசும் கிறித்தவக் குடும்பத்தைச் சேர்ந்தவர். கிரேக்க மருத்துவப் பேராசான் கேலனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் கொணர்ந்தவருள் இவரே தலையாயவர். கேலனின் நூல்கள் 129 குறித்து, அவற்றுள் எவை எவரால் எம்மொழியில் யாருக்காகப் பெயர்க்கப்பட்டன என்று இவர் எழுதிவைத்த நிரல் இன்றும் கிடைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் ஒருவர் தம் பணிக்குத் தாமே எழுதிய கணக்குப் புத்தகம் என்றே அதனைக் கூறலாம்.

அந்நிரலில் ஹுனைன் ஒரு செய்தி கூறுகிறார். ஏறத்தாழ 20 வயதில், பிழை மலிந்த ஒரே கிரேக்கச் சுவடியைக் கொண்டு கேலனின் நூலொன்றை மொழிபெயர்த்தாராம். 40 வயதை எட்டியபோது, தம்மிடம் சேர்ந்திருந்த பல சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தமான கிரேக்க மூலத்தை முதலில் நிறுவிக்கொண்டு, பின்னரே பழைய பெயர்ப்பைத் திருத்தினாராம். நம் உ.வே. சாமிநாதையர் போன்றோர் ஏடு தேடி ஊரூராய் அலைந்த கதையை அறிந்த நமக்கு இஃது அயலானதாகத் தோன்றாது. கேலனின் மற்றொரு நூலைத் தேடி மெசபொத்தேமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலைந்த ஹுனைனுக்கு, இறுதியில் திமிஷ்கு நகரில் அதன் ஏறத்தாழப் பாதிதான் கிட்டியது. பாடநூல் மொழிபெயர்ப்பு என்பது மூலத்தைச் செம்மை செய்வதில் தொடங்குகிறது என்பதை இதனால் அறிகிறோம். எந்தப் பதிப்பு, எந்த ஆண்டு என்று நோக்காமல் கைக்கு அகப்பட்ட ஆங்கில நூலைத் தமிழாக்கத் தொடங்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வழக்கம் உடையார் இதனை ஊன்றி நோக்குதல் நலம்.

அக்காலத்து இருவகை மொழிபெயர்ப்பு முறைகளை 14ஆம் நூற்றாண்டு அறிஞர் ஸஃபதி விளக்குகிறார். கிரேக்கச் சொல் ஒவ்வொன்றாக எடுத்து அதற்கு நேரான அரபுச் சொல்லை இட்டு நிரப்புவது முதல் முறை. எல்லாச் சொல்லுக்கும் நேர்ச்சொல் கிடையாமையாலும், இரு மொழிகளின் தொடரமைப்பு வேறுபடுதலாலும் அது பழுதுபடும் என்பது அவர் கருத்து. ஒரு தொடரை முழுதும் படித்துப் பொருளை உள்வாங்கி, அப்பொருளைத் தன் மொழியின் இயல்புக்கேற்ற தொடரால் வெளியிடுவது இரண்டாம் முறை. அதுவே ஹுனைனின் முறை. இன்று கணினி வழியே நொடியில் பெயர்த்துத் தரப்படும் தமிழ்ப் பாடங்களைப் படிப்போர், அவற்றுள் பல இன்னும் முதல் முறையிலேயே நிற்பதைக் காணலாம். சொற்கள் தமிழாக இருக்கும். தொடர் தமிழாக இராது.

இப்பணிக்குப் பொருளுதவி செய்தவர் யாவர் என்பதும் அறியத்தக்கது. பனூ மூஸா எனப்படும் உடன்பிறப்பினர் மூவர், மொழிபெயர்ப்பாளர் சிலருக்கு மாதந்தோறும் ஏறத்தாழ 500 தீனார் வழங்கியதாகப் பழைய வரலாற்றாசிரியர்கள் குறிக்கின்றனர். அவர்களே கணித வல்லுநர்கள். பொறியமைப்புகள் பற்றி நூல் செய்தவர்கள். பொறியியலார் பொருள் கொடுக்க, மருத்துவ நூல் மொழிபெயர்ந்தது என்றால், துறைகளுக்கிடையே நாம் இன்று எழுப்பியிருக்கும் மதில்களை எண்ணி வியக்கத்தான் வேண்டியிருக்கிறது. ஹுனைனும் தனியே உழைத்தவர் அல்லர். மகன் இஸ்ஹாக், மருகர் ஹுபைஷ் முதலானோர் ஒரு குழுவாக இயங்கினர். ஒருவர் கிரேக்கத்திலிருந்து சிரியாக்கிற்குப் பெயர்ப்பார். மற்றவர் அதனை அரபியாக்குவார்.

மாணவர்க்கென்று ஹுனைன் செய்த 'மருத்துவ வினாக்கள்' என்னும் நூல் வினாவும் விடையுமாக அமைந்தது. நம் 19ஆம் நூற்றாண்டு உரைநடையிலும் 'வினாவிடை' என்று முடியும் பெயருடைய பாடநூல்கள் பல தோன்றின. இப்னு சீனாவோ, ஐந்து பகுதிகள் கொண்ட பெருநூலாகிய 'அல்-கானூன்' செய்ததோடு அமையாமல், மாணவர் மனனம் செய்வதற்கென 1300 அடிகளுக்கு மேற்பட்ட மருத்துவப் பாடல் நூலொன்றையும் யாத்தார். தேரையர், அகத்தியர் பெயர்களில் வழங்கும் சித்த மருத்துவ நூல்கள் செய்யுளாக இருப்பதன் காரணமும் இதுவே. மனனத்திற்கு ஒரு நூல், நோக்கிப் பயில ஒரு நூல் என்று வகுத்துக்கொண்ட அப்பழைய ஆசிரியர்களின் தெளிவு பாராட்டத்தக்கது. நாமோ நோக்கிப் பயில வேண்டிய நூலை மனனம் செய்கிறோம்.

சொற்கள் கடந்து வந்த வழி

கலைச்சொற்களை மொழிபெயர்க்கவே கூடாது, அவை உலகப் பொதுச்சொற்கள் என்று சிலர் வாதிடுவர். அவ்வுலகப் பொதுச்சொற்கள் எப்படி உண்டாயின என்று நோக்கினால் வியப்பே மிஞ்சும்.

கண்ணின் உட்புறத்தே ஒளியை ஏற்கும் படலத்தை நாம் விழித்திரை என்கிறோம். ஆங்கிலத்தார் ரெட்டினா என்பர். கிரேக்கர் இதனை மீன் பிடிக்கும் வலையோடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். அரபு மருத்துவர் அதன் பொருளை எடுத்துக்கொண்டு, வலை என்னும் பொருள்தரும் 'ஷபகா' என்ற சொல்லிலிருந்து 'ஷபகிய்யா' என்றனர். 12ஆம் நூற்றாண்டில் அரபு நூல்களை இலத்தீனில் பெயர்த்தோர், இலத்தீனில் வலையைக் குறிக்கும் 'ரேத்தே' என்ற சொல்லிலிருந்து ரெட்டினா என்றனர். ஆக, இன்று எவரும் தொடக்கூடாத பொதுச்சொல் எனப்படுவது இருமுறை மொழிபெயர்க்கப்பட்ட சொல்லே. கார்னியா என்பதும் அப்படியே. கொம்பு போன்றது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல் அரபியில் கொம்பாகி, இலத்தீனிலும் கொம்பாகியே நிற்கிறது.

இதனினும் சுவையானது மூளையைப் போர்த்தியுள்ள சவ்வுகளின் பெயர். கிரேக்கர் தடித்த சவ்வு, மெல்லிய சவ்வு என்று மட்டுமே கூறினர். அரபு மருத்துவர் அவற்றை மூளையின் தாய் என்று உருவகித்து, வன்மையான தாய், மெல்லிய தாய் எனப் பெயரிட்டனர். இலத்தீனில் பெயர்த்தோர் தாயைத் தாயாகவே கொண்டு 'டியூரா மேட்டர்', 'பயா மேட்டர்' என்றனர். நம் பள்ளி உயிரியல் நூல்களில் இவை ஒலிபெயர்ப்பாகவே இடம்பெறுகின்றன. பிள்ளையை மடியில் ஏந்திய தாய் அச்சொற்களுக்குள் இருப்பது படிக்கும் மாணவருக்குத் தெரியாது.

பொறியியல் மாணவர் நாள்தோறும் கையாளும் 'சைன்' என்னும் கோணவியல் சொல்லின் வரலாறோ ஒரு சிறுகதை போன்றது. இந்தியக் கணிதர் வில்லின் நாணைக் குறிக்கும் 'ஜ்யா' என்ற வடசொல்லால் இவ்வளவைக் குறித்தனர். அரபு மொழியார் அதனை ஒலிபெயர்த்து 'ஜீபா' என்றனர். அரபு எழுத்தில் உயிர்க்குறிகள் இன்றி எழுதும் வழக்கம் இருந்தமையால், பிற்காலத்தோர் அதனை 'ஜைப்' என்று படித்தனர். ஜைப் என்றால் ஆடையின் மடிப்பு, சட்டைப்பை. இலத்தீனார் அதனை மொழிபெயர்த்து, மடிப்பு எனப் பொருள்படும் 'சைனஸ்' என்ற சொல்லை இட்டனர். அந்த அரபு 'ஜைப்' உருது வழியாக நம்மூர் வந்து, சட்டையில் உள்ள 'ஜேபி' ஆயிற்று. ஜேப்படித் திருடனும் கோணவியல் அட்டவணையும் ஒரே சொல்லுக்கு உறவினர் என்று வகுப்பில் சொன்னால் மாணவர் நகைப்பர், ஆனால் மறவார்.

இதிலிருந்து நாம் பெறும் முடிவு ஒன்றுண்டு. நாண் சட்டைப்பையாக மாறிய பின்னரும் கணிதத்திற்கு எவ்விதக் குறையும் நேரவில்லை. கலைச்சொல்லின் வேர்ப்பொருள் பிழையானாலும், அதன் வரையறை திட்டமாக இருந்து, எல்லாரும் ஒரே சொல்லையே வழங்கினால் அறிவு தடையின்றி நடக்கிறது. வேர்ப்பொருள் அழகாக இருந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை சொல் மாறினால் நடவாது. நம் சொல்லாக்க முயற்சிகளில் நாம் அழகுக்குத் தந்த இடத்தை நிலைபேற்றுக்குத் தரவில்லை என்பதே எம் கருத்து.

கருவியும் கையும்

பாடநூலுக்குச் சொல் மட்டும் போதாது. ஸ்பெயின் நாட்டுக் குர்துபா நகரை அடுத்து வாழ்ந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, கி.பி. 1000 அளவில் முடித்த மருத்துவப் பெருநூல் 30 பகுதிகள் கொண்டது. அதன் இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதில் ஏறத்தாழ 200 கருவிகளின் உருவங்கள் வரையப்பட்டுள்ளன. சுடுகோல், கத்தி, பல் பிடுங்கும் குறடு, கொக்கி என ஒவ்வொன்றும் எவ்வடிவினது, எதனால் செய்யப்படுவது, எங்கே பயன்படுவது என்று காட்டுகிறார். உடற்கூறு அறியாமல் கத்தி எடுக்கக் கூடாது என்று முன்னுரையிலேயே எச்சரிப்பவர், அதற்குச் சான்றாகத் தாம் கண்ட நிகழ்ச்சியையும் கூறுகிறார். பெண்ணொருத்தியின் கழுத்துக் கட்டியை அறுத்த அறிவிலி மருத்துவன் ஒருவன் அங்கிருந்த நாடிகளையும் வெட்டிவிட, அவள் அவன் கண்ணெதிரிலேயே குருதி வடிந்து இறந்தாள். நூல் எதற்காக எழுதப்படுகிறது என்பதை இவ்வளவு சுருக்கமாக உணர்த்திய முன்னுரைகள் சிலவே.

பொறியியலில் இதற்கு இணையாக நிற்பது, தியார்பக்கிர் நகரின் அர்த்துகித் அரசவையில் பணியாற்றிய அல்-ஜஸரி 1206இல் முடித்த நூல். நீர்க்கடிகாரம், நீரிறைக்கும் பொறி, தானே இயங்கும் பாவை முதலிய 50 அமைப்புகளை அது விளக்குகிறது. செய்து பார்க்கப்படாத தொழில்நுட்பம் மெய்யென்றும் பொய்யென்றும் துணிய முடியாத இடைநிலையில் கிடக்கும் என்பது அவர் கொள்கை. ஆகவே ஒவ்வொரு பொறிக்கும் உறுப்புகளின் அளவு, செய்பொருள், பொருத்தும் ஒழுங்கு ஆகியவற்றைக் கூறி, எழுத்துக் குறியிட்ட படங்களும் தந்தார். அவ்விளக்கம் எவ்வளவு முழுமையானது என்றால், 1976இல் இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய நீர்க்கடிகாரம் ஒன்றை அதன்படியே மீண்டும் கட்டி இயக்கிக் காட்ட முடிந்தது. 770 ஆண்டுகளுக்குப் பின்னும் படித்தவன் செய்யத்தக்கதாக இருப்பதே பொறியியல் நூலின் இலக்கணம் எனலாம்.

இடையே ஒரு சொல். அரபியில் பொறியாளரை 'முஹந்திஸ்' என்பர். அளவு என்னும் பொருளுடைய 'அந்தாஸா' என்ற பாரசீகச் சொல்லே அதன் மூலம். நம் முதியோர் 'அந்தாசாக எவ்வளவு ஆகும்?' என்று கேட்கும் அந்தாசும் அதுவே. ஆனால் அல்-ஜஸரியின் பொறிகளில் ஒன்றும் அந்தாசாகச் செய்யப்பட்டதன்று.

பாடநூலுக்கு உரை எழுதுதலும் அம்மரபில் சிறந்திருந்தது. 1288இல் மறைந்த இப்னுன் நஃபீஸ், இப்னு சீனா நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு உரை வரைந்தார். இதயத்தின் வலப்புற அறையிலிருந்து இடப்புற அறைக்கு இடைச்சுவரிலுள்ள துளைகள் வழியே குருதி செல்கிறது என்பது கேலன் காலம் தொட்டு வந்த கொள்கை. அச்சுவரில் துளை இல்லை. குருதி நுரையீரல் வழியே சென்றுதான் இடப்புறம் சேர்கிறது என்று உரைகாரர் மறுத்தார். நெடுங்காலம் மறந்திருந்த இம்மறுப்பு, 1924இல் எகிப்திய மருத்துவர் ஒருவர் பெர்லின் நகரச் சுவடியை ஆராய்ந்தபோது மீண்டும் வெளிப்பட்டது. மூல ஆசிரியனோடு மாறுபடும் உரிமையை உரையாசிரியனுக்கு அளித்த மரபு நமக்கும் உரியதாகலின், இச்செய்தி நம் மாணவர்க்கு எளிதில் விளங்கும்.

மானிப்பாயில் கிறீன்

இனி நம் மொழிக்கு வருவோம். தமிழில் அச்சான அறிவியல் நூல்களுள் முந்தியது இரேனியசு ஐயர் 1832இல் வெளியிட்ட 'பூமி சாஸ்திரம்' என்பர். மருத்துவத்தில் முழுப் பாடத்திட்டத்திற்கும் நூல் செய்ய முனைந்தவர், அமெரிக்க மிஷன் மருத்துவராகிய சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஊஸ்டர் நகரில் பிறந்தவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயைத் தம் பணிக்களமாகக் கொண்டார். தொடக்கத்தில் ஆங்கிலத்திலேயே மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலம் கற்ற மருத்துவர் ஊரைவிட்டு உத்தியோகம் தேடிச் செல்வதையும், ஊர் மக்கள் மருத்துவரின்றி நிற்பதையும் கண்டு, 1860களின் நடுவில் பயிற்சியைத் தமிழுக்கு மாற்றினார்.

கற்பிக்க நூல் வேண்டுமே! கட்டர் என்பாரின் உடற்கூற்று நூல் முன்பே தமிழாகி 1857இல் வந்திருந்தது. 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' என்பது அதன் நெடும்பெயர். மான்செலின் நூல் 'பிரசவ வைத்தியம்' ஆயிற்று. துரூயிற்றின் அறுவை நூல் 1867இல் 'இரண வைத்தியம்' ஆயிற்று. 1872இல் வெளிவந்தது 'மனுஷ அங்காதிபாதம்'. இஃது இன்றும் மருத்துவ உலகம் போற்றும் கிரே என்பாரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம். ஆங்கில மூலம் 1858இல் வெளிவந்தது என்பதை நினைவிற் கொண்டால், 14 ஆண்டுகளுக்குள் அது தமிழில் படிக்கப்பட்டது என்னும் உண்மை விளங்கும். 'வைத்தியாகரம்', 'கெமிஸ்தம்', 'மனுஷ சுகரணம்' எனப் பின்னும் பல நூல்கள் தொடர்ந்தன. தம்மிடம் பயின்ற தமிழ் மருத்துவர்களையே மொழிபெயர்ப்பில் துணையாகக் கொண்டார் கிறீன். பாக்தாதில் கண்ட குழுமுறையை மானிப்பாயிலும் காண்கிறோம்.

கிரே நூலுக்குப் படம் வரைந்த ஹென்றி கார்ட்டர் என்பாரை இங்கே குறிப்பிடாமல் செல்ல மனமில்லை. நூல் வெளிவந்த 1858லேயே அவர் பம்பாய்க்கு வந்து, அங்குள்ள மருத்துவக் கல்லூரியில் கற்பித்தார். 'மதுரைப் பாதம்' என்று நம்மூர்ப் பெயராலேயே மருத்துவ உலகில் வழங்கும் பாத நோய், பூஞ்சையால் வருவது என ஆராய்ந்தவரும் அவரே. நூலாசிரியர் கிரேயோ 1861இல் அம்மை நோயால் இளவயதிலேயே மறைந்தார்.

கிறீனின் நூற்பெயர்களை நோக்குமிடத்து, அவர் கலைச்சொல்லாக்கத்தில் ஒரு வழியையே பற்றி நிற்கவில்லை என்பது புலப்படும். 'கெமிஸ்தம்' என்பதில் அயற்சொல்லை எடுத்து, நம் மொழியின் அம் ஈறு தந்து தமிழ்ச்சட்டை அணிவித்திருக்கிறார். 'சுகரணம்' வடமொழி வழிப்பட்ட ஆக்கம். உறுப்புகள் நன்கு தொழிற்படுதலைக் குறிப்பது. 'அங்காதிபாதம்' என்னும் பெயர், முடி முதல் அடி வரை புனைந்துரைக்கும் கேசாதிபாதம் என்ற சிற்றிலக்கிய வகையை நமக்கு நினைவூட்டுகிறது. உடற்கூற்று நூலுக்கு இலக்கிய மணம் கமழும் பெயர்! இவ்வடசொல் மிகுதியை இன்று குறைகூறுவார் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் கற்றோர் உரைநடை அவ்வாறே இருந்தது என்பதை மறந்து குறைகூறுதல் நடுநிலை ஆகாது. தமக்குப் பழகிய சொல்லைக் கொண்டே புதியதை விளக்க முனைந்தார் என்பதே நோக்கத்தக்கது.

கிறீன் 1873இல் தாயகம் திரும்பினார். அங்கிருந்தும் தமிழ் மருத்துவ நூற்பணியை விடாது செய்து, 1884இல் மறைந்தார். அவரிடம் பயின்று வெளிவந்த மருத்துவர் 60 பேருக்கு மேற்படுவர். ஆயினும் அந்நூற்றாண்டு முடிவதற்குள் தமிழ்வழி மருத்துவ வகுப்பு நின்றுபோயிற்று. சென்னையில் 1835 முதலும் கொழும்பில் 1870 முதலும் மருத்துவப் பள்ளிகள் ஆங்கிலத்தில் நடந்தன; அரசுப் பணியின் வாசலும் அம்மொழியிலேயே திறந்தது. நூல்கள் குறைபட்டமையால் வகுப்பு நிற்கவில்லை. வகுப்பு நின்றமையால் நூல்கள் படிப்பாரற்றுப் போயின. ஈழத்துக் கவிஞர் அம்பி நூல் எழுதி நினைவூட்டும் வரை கிறீன் பெயரைத் தமிழகத்தில் அறிந்தோர் மிகச் சிலரே. அரபு நூல்களுக்குக் கிட்டிய பேறும் இவற்றுக்குக் கிட்டாத பேறும் ஒன்றே: அடுத்தடுத்த தலைமுறையில் அவற்றைக் கற்கவும் திருத்தவும் மறுக்கவும் ஆட்கள் இருத்தல்.

இருபதாம் நூற்றாண்டும் பிறகும்

தமிழகத்தில் இம்முயற்சி மீண்டும் தளிர்த்தது. 1916இல் சேலத்தில் இராஜாஜியும் நண்பரும் கலைச்சொல் ஆக்கத்திற்கெனச் சங்கம் கண்டு இதழும் நடத்தினர். சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் 'கலைச்சொற்கள்' தொகுதியை வெளியிட்டது. இராஜாஜி எழுதிய வேதியியல் நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தது, அறிவியலைத் திண்ணையில் உட்கார வைத்துவிடலாம் என்ற துணிவைக் காட்டுகிறது. பெரியசாமித் தூரன் தலைமையில் 10 தொகுதிகளாகக் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை வெளிவந்தது. 1960இல் கோவை அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிப் பட்டப்படிப்பு தொடங்கிற்று. அதனையொட்டிப் பட்டப்படிப்புக்குரிய பாடநூல்கள் அரசு சார்பில் நூற்றுக்கணக்கில் வந்தன. மணவை முஸ்தபா, யுனெஸ்கோ கூரியர் இதழின் தமிழ்ப் பதிப்பை நெடுங்காலம் நடத்தியதோடு, மருத்துவத்துக்கும் கணினிக்கும் தனித்தனியே கலைச்சொல் களஞ்சியங்கள் தொகுத்தார். 2010இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டுமானவியலிலும் இயந்திரவியலிலும் தமிழ்வழிப் பொறியியல் படிப்பைத் தொடங்கிற்று.

இவ்வளவும் இருக்க, இடர் எங்கே உள்ளது? சொல்லின் நிலையின்மையை முதலில் சுட்டுவோம். தந்தை பௌதிகமும் ரசாயனமும் படித்தார். மகன் இயற்பியலும் வேதியியலும் படிக்கிறான். பிராணவாயு உயிர்வளியாகிப் பின் ஆக்சிஜன் ஆயிற்று. பாக்கு நீரிணைக்கு அப்பால் அது ஒட்சிசன். நைட்ரஜன் அங்கே நைதரசன். ஈழத்து மாணவர் இன்றும் பௌதிகவியல், இரசாயனவியல் என்றே பயில்கின்றனர். ஒரே மொழியின் இரு கரையாரும் ஒருவர் நூலை மற்றவர் அகராதியின்றிப் படிக்க இயலாத நிலையை நாமே உண்டாக்கிக்கொண்டோம். இதற்கு வேறெந்த மொழியையும் பழிக்க வழியில்லை.

அடுத்தது, தொழில் செய்வோரிடம் கேளாமல் சொல் படைப்பது. கட்டடப் பணியில் கொத்தனாரிடம் ரசமட்டம் உண்டு, தூக்குக்குண்டு உண்டு. ஏறி நின்று வேலை செய்யச் சாரம் உண்டு. பட்டறையில் கடைசல் உண்டு, திருகும் மரையும் உண்டு. கப்பி, நெம்புகோல், அச்சு என்பன பாடநூலில் நிலைத்துவிட்டன. காரணம், அவை நூலுக்கு வருமுன்பே கிணற்றடியிலும் வண்டிப்பட்டறையிலும் வழங்கின. மருத்துவத்திலும் பனிக்குடம், நஞ்சுக்கொடி, தொப்புள்கொடி என்னும் சொற்களை எந்தக் குழுவும் கூடிப் படைக்கவில்லை. ஊர் மருத்துவச்சிகள் வாயில் வழங்கியவற்றை நூலோர் ஏற்றுக்கொண்டனர். இவற்றைவிடத் துல்லியமான சொற்களை எவரும் ஆக்கித் தந்ததாக நாம் அறியோம்.

நோயாளியோடு பேசும் மொழி பற்றித் தனியே சொல்ல வேண்டும். செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் உரிய நூல்கள் ஆங்கிலத்தில் எவ்வளவு சிறந்திருப்பினும், நோயாளி தன் நோயைத் தமிழிலேயே சொல்கிறார். 'மயக்கமாக வந்தது' என்கிறார் ஒரு மூதாட்டி. தலை சுற்றியதா, கண் இருண்டதா, நினைவு தவறி விழுந்தாரா? நம் வழக்கில் மயக்கம் இவை மூன்றையும் குறிக்கும். மருத்துவத்தில் மூன்றும் வெவ்வேறு. 'வாயுப் பிடிப்பு' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வருவோருள் சிலருக்கு இருப்பது மாரடைப்பு. நெஞ்சுக் கரிப்பு, நெஞ்செரிச்சல், நெஞ்சடைப்பு, படபடப்பு என்று மக்கள் வேறுபடுத்திக் கூறும் சொற்களை வட்டாரந்தோறும் தொகுத்து, எச்சொல்லுக்கு எவ்வினாவை எழுப்ப வேண்டும் என்று விளக்கும் கையேடு செவிலியர் பயிற்சிக்கு வேண்டும். நாட்டுப்புறவியலுக்குக் களப்பணி செய்யும் தமிழ் மாணவர்க்கு இஃது அருமையான பணி. தாலாட்டும் ஒப்பாரியும் தொகுக்கச் செல்லும் அதே வீடுகளில் இச்சொற்களும் கிடைக்கும்.

நம் நிலையில் செய்யத்தக்கது பெருநூல் அன்று. அறிவியல் துறைகளின் முதலாண்டு ஆய்வகக் கையேடுகளை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு சோதனைக்கும் ஏறத்தாழ இருபது சொற்களே தேவைப்படுகின்றன. பள்ளிப் பாடநூலில் மாணவர் கற்ற தமிழ்ச்சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு, புதிது புனையாமல், எதிரே ஆங்கிலச் சொல்லின் வடிவையும் அடுத்து ஒரு வரி வரையறையையும் தரலாம். வரையறையை அறிவியல் ஆசிரியர் எழுத வேண்டும். தொடரைத் தமிழாசிரியர் திருத்த வேண்டும். விளங்குகிறதா என்பதை முதலாண்டு மாணவர் ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். மூவரும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும் என்பதே இதிலுள்ள கடினம். இயற்பியல் கையேட்டில் திருகு அளவி, வெர்னியர் அளவி, தனி ஊசல் ஆகிய மூன்று சோதனைகளை முதலில் எடுத்துக்கொண்டால், வரும் பருவம் தொடங்குமுன் முடித்துவிடலாம்.